க்ரீக் ஓரத்து வீடும் மழைத் தண்ணீரும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

அட்லாண்டாவைச் சுற்றி வீடு வாங்கும் நம்மவர்களுக்குப் பின்பக்கம் கொஞ்சம் மரங்களும் ஒரு சின்ன க்ரீக்கும் (ஓடை) தெரிந்தால் போதும், மனசு விழுந்துவிடும். லாட் பிரீமியமும் (நல்ல மனைக்கென்று கேட்கும் கூடுதல் விலை) கொடுத்து வாங்குவோம். அந்தக் க்ரீக்கோடு ஒரு கட்டு விதிகளும் சேர்ந்து வருகிறது என்பது பூல் போட ஆள் கூப்பிடும்போதுதான் தெரியவரும். ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா, கம்மிங், சுவானி என்று எங்கே இருந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான், அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த சில வரிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உங்கள் க்ரீக்கின் மேல் ஒரு விதி இல்லை, பல விதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலில் மாநிலம்: ஜார்ஜியாவின் 1975ஆம் ஆண்டு மண்ணரிப்புச் சட்டப்படி ஓடையின் இரு கரையிலும் 25 அடி, ட்ரௌட் மீன் ஓடையாக இருந்தால் 50 அடி, தொடாமல் விடவேண்டும். அதற்கு மேல் உள்ளூர்: மெட்ரோ அட்லாண்டா பக்கத்துக் கவுண்டிகளும் நகரங்களும் பெரும்பாலும் பின்பற்றும் மாதிரி விதிப்படி 50 அடி இயற்கையாகவே விட்டுவிட வேண்டும், அதற்கு வெளியே இன்னும் 25 அடியில் தண்ணீர் இறங்காத தளம் எதுவும் வரக்கூடாது, ஆக மொத்தம் 75 அடி. மூன்றாவது, சட்டஹூச்சி ஆற்றின் எந்தக் கரையிலிருந்தும் 2,000 அடிக்குள் இருந்தால் 1973இல் வந்த ஆற்றுப் பாதுகாப்புச் சட்டம் தனியாக வேறு வரும். அதில் ஆற்றங்கரையிலிருந்து 50 அடி செடிகொடிப் பட்டை, 150 அடி வரை கான்கிரீட், கூரை வகையறாவுக்குத் தடை, கிளை ஓடைகளுக்கு 35 அடி. இவற்றில் எது கடுமையானதோ அதுதான் உங்களுக்கு. உள்ளூர் எண்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆகவே உங்கள் கவுண்டியின் விதித்தொகுப்பில் ஸ்ட்ரீம் பஃபர் (ஓடையோரம் தொடாமல் விடவேண்டிய பட்டை) என்ற பகுதியை ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்கள். பில்டர் சொன்னார், ரியல்டர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

"டெக் பர்மிட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பஃபருக்குள் வருகிறதாம்"

அதிகம் வருவது இதுதான். டெக் (வீட்டை ஒட்டிப் போடும் பலகைத்தளம்) மட்டுமில்லை, பூல், பேட்டியோ (கல் பாவிய திறந்த முற்றம்), பின்பக்க ஷெட், சன்ரூம் எல்லாமே இதில் அடங்கும்.

முதலில் உங்கள் ப்ளாட்டை (பதிவான மனை வரைபடம்) எடுங்கள். வீடு வாங்கியபோது கொடுத்த காகிதக் கட்டில் இருக்கும், இல்லையென்றால் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவான சப்டிவிஷன் (மனைகளாகப் பிரித்த குடியிருப்பு) ப்ளாட் கிடைக்கும். அதில் ஓடை ஓரமாக இரண்டு மூன்று புள்ளிக்கோடுகள் ஓடும். எந்தக் கோடு 25, எது 50, எது 75 என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வரைபடத்தில் இருக்கும் டெக்கின் எந்த மூலை எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் மருந்து அந்தக் கோட்டைப் பொறுத்துத்தான்.

50க்கும் 75க்கும் நடுவில் மட்டும் நுழைகிறது என்றால் இருப்பதிலேயே லேசான கேஸ். அங்கே தடை தண்ணீர் புகாத தளத்துக்குத்தான். புல்வெளி வைக்கலாம், செடி வைக்கலாம். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, கீழே மண்ணோ ஜல்லியோ வைத்த டெக்கைச் சில ஊர்களில் தண்ணீர் புகும் தளமாகக் கணக்கெடுப்பார்கள், சில ஊர்களில் கூரை மாதிரியே கணக்கெடுப்பார்கள். பர்மிட்டைப் பார்க்கும் ரிவ்யூவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். பேட்டியோவைப் பொறுத்தவரை, தண்ணீர் இறங்கும் பேவர் (தரைக்கல்) போடுகிறேன் என்றாலும் அதைப் பாதி கணக்காகவோ முழுக் கணக்காகவோ எடுப்பது ஊரின் விருப்பம். பூல் என்றால் வாதாடாதீர்கள். நகர்த்துங்கள்.

50க்குள் வருகிறது என்றால் உள்ளூர் வேரியன்ஸ் (விதிவிலக்கு அனுமதி) வேண்டும். அது கிடைப்பதற்கு நிலத்தின் வடிவமோ சரிவோ உங்களை வேறு வழியில்லாமல் ஆக்கியிருக்க வேண்டும், அந்த நிலைமையை நீங்களே உண்டாக்கியிருக்கக் கூடாது. "எனக்கு டெக் பெரிதாக வேண்டும்" என்பது கஷ்டம் என்ற கணக்கில் வராது. 25க்குள் என்றால் உள்ளூர் ஆபீஸ் நினைத்தாலும் கொடுக்க முடியாது, மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவான இ.பி.டி.தான் கொடுக்கவேண்டும், அது பொதுமக்கள் கருத்துக்கு விட்டு, மாற்று நடவுத் திட்டம் கேட்டு, மெதுவாகத்தான் நகரும். ஒரு டெக்குக்காக அந்த வழியில் இறங்குவது என்னைக் கேட்டால் வேண்டாத வேலை. மூலையை வெட்டிவிட்டு டெக்கைப் பக்கவாட்டில் நீட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: கோடே தப்பாக இருந்தால்? இருக்கலாம். அளவு ஆரம்பிக்கும் இடம் ஓடையின் நடுவும் இல்லை, பள்ளத்தின் மேல்விளிம்பும் இல்லை. வழக்கமான நீரோட்டத்தால் செடிகொடி அரித்துப் போன இடம் எதுவோ, அங்கிருந்து கிடைமட்டமாக அளக்கவேண்டும், சரிவோடு இறக்கிப் பிடித்த டேப்பால் அல்ல. செங்குத்தான பின்வாசலில் இந்த வித்தியாசம் பல அடி வரும், அதுவும் உங்களுக்குச் சாதகமாக வராது. சரிவில் 75 அடி பிடித்தால் கிடைமட்டத்தில் அது எழுபதோ அதற்கும் குறைவோதான் இருக்கும். கவுண்டி இணையதள மேப்பில் தெரியும் நீலக்கோட்டை நம்பி எதையும் அளக்காதீர்கள், அது தோராயம். ப்ளாட் பழையது, ஓடை நகர்ந்துவிட்டது என்று தோன்றினால் ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு அந்த விளிம்பைக் குறிக்கச் சொல்லுங்கள். ஓடை உங்கள் பக்கம் நகர்ந்திருந்தால் கோடும் உங்கள் பக்கம் நகரும், அதற்கும் தயாராக இருந்துகொண்டு கூப்பிடுங்கள்.

விதி வருவதற்கு முன்பே கட்டிய வீடு பஃபருக்குள் நிற்கிறது என்றால் அதை இடிக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் அதைப் பெரிதாக்கும்போது புதிய பகுதிக்கு விதி பிடிக்கும்.

"அது ஓடையே இல்லை, மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளம்"

சில சமயம் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். மழை பெய்யும்போதும் பெய்து முடிந்த கொஞ்ச நேரத்துக்கும் மட்டும் ஓடுவது, அடியில் நிலத்தடி நீர் ஊறி வராதது, இதற்குப் பொதுவாக பஃபர் கிடையாது. வருடம் முழுதும் ஓடுவதற்கும், வருடத்தில் சில மாதங்கள் ஓடுவதற்கும் உண்டு. சிக்கல் இந்த நடுவில் இருப்பதில்தான். ஆகஸ்டில் வீட்டைப் பார்த்தால் காய்ந்து கிடக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளம் என்கிறோம். குளிர்காலத்தில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது அவை உறிஞ்சும் தண்ணீர் குறைந்து நிலத்தடி மட்டம் ஏறும், அப்போது அதே பள்ளத்தில் வாரக்கணக்கில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்களே பார்க்கலாம். மழை நின்று மூன்று நான்கு நாள் கழித்து, முடிந்தால் பிப்ரவரி மார்ச்சில், இறங்கிப் போய்ப் பாருங்கள். தண்ணீர் இன்னும் நகர்கிறதா, கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சிகள் ஒட்டியிருக்கின்றனவா, அடியில் மணலும் கூழாங்கல்லும் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கின்றனவா, அல்லது போன இலையுதிர்காலத்துச் சருகு அப்படியே மட்கிக் கிடக்கிறதா, புல்லும் வேரும் பள்ளத்தின் அடிவரை முளைத்திருக்கின்றனவா. சருகும் வேரும் என்றால் உங்கள் வாதத்துக்கு உயிர் இருக்கிறது. பூச்சியும் கூழாங்கல்லும் என்றால் விட்டுவிடுங்கள்.

செடி அரித்துப் போன விளிம்பு என்பது வெறும் அளவுப் புள்ளி மட்டும் இல்லை. 2015இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்படி ஒரு விளிம்பு இல்லாத இடத்துக்கு மாநிலத்தின் 25 அடி பஃபர் பொருந்தாது என்றே சொல்லிவிட்டது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு உள்ளூர் விதியிலிருந்தும் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளூர் விதியில் ஓடைக்கு என்ன வரையறை எழுதியிருக்கிறதோ அதுதான் அங்கே பேசும். எப்படியும் முடிவு உங்களுடையது இல்லை, கவுண்டி ஆளோ அவர்கள் ஏற்கும் நிபுணரோ வந்து பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வருவதற்கு முன் பாப்கேட் (மண் தள்ளும் சின்ன வண்டி) உள்ளே இறங்கக்கூடாது.

"பின்பக்கம் புதரைச் சுத்தம் செய்தேன், நோட்டீஸ் வந்துவிட்டது"

உடனே நிறுத்துங்கள். முக்கியமாக, அசிங்கமாகத் தெரிகிறதே என்று அடிமரங்களைப் பிடுங்கி மண்ணைச் சமன் செய்துவிடாதீர்கள். வெட்டியது ஒரு குற்றம் என்றால் வேரோடு பிடுங்கியது அதைவிடப் பெரிய குற்றம், ஏனென்றால் கரையைப் பிடித்து வைத்திருப்பது வேர்தான். வைக்கோல் பரப்பி மண்ணை மூடுங்கள், போட்டோ எடுங்கள், நோட்டீஸில் இருக்கும் இன்ஸ்பெக்டருக்கு அன்றே போன் செய்யுங்கள். நாமாகக் கூப்பிட்டால் பேச்சு பெரும்பாலும் நடவுத் திட்டத்தோடு முடியும்: இந்தப் பகுதிக்கே உரிய மரம், புதர் இத்தனை, இத்தனை அடிக்கு ஒன்று, குறிப்பிட்ட காலம் வரை உயிரோடு இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். நட ஏற்ற காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஜூலையில் நட்டால் பாதி கருகிப் போய் மறுபடியும் நீங்களே வாங்கி நடவேண்டி வரும், எனவே குளிர்காலம் வரை அவகாசம் கேளுங்கள், நியாயமான கோரிக்கைதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லித்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாநிலச் சட்டம் தனி வீடு கட்டுபவருக்கு பஃபரில் செடிகொடியைக் கொஞ்சம் மெலிதாக்கவும் கத்தரிக்கவும் இடம் கொடுக்கிறது. தண்ணீரைக் காக்கும் அளவுக்குப் பச்சை மிஞ்சவேண்டும், ஓடைமேல் நிழல் விழும் அளவுக்கு மரக்கிளை நிற்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. லேண்ட்ஸ்கேப் ஆள் இதைத்தான் தைரியமாகச் சொல்வார். ஆனால் உள்ளூர் விதி 50 அடிக்குத் தொடாத நிலை என்று சொன்னால் மாநிலம் கொடுத்த சலுகை அங்கே உதவாது.

பட்ட மரம் வீட்டின்மேல் சாய்கிறதா? அதற்கு வழி உண்டு. ஆர்பரிஸ்டிடம் (மர நிபுணர்) ஒரு கடிதம், வெட்டுவதற்கு முன் போட்டோ, கவுண்டிக்குத் தகவல், அப்புறம் அடிமரத்தையும் வேரையும் விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டுங்கள். சைனீஸ் ப்ரிவெட் மாதிரி ஊரைத் தின்னும் அந்நியப் புதர் என்றால் கையால் அறுப்பதற்குப் பெரும்பாலும் அனுமதி தருவார்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மெஷின் வேண்டாம். கரை வரை புல் வெட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். புல்வேர் ஆழமாக இறங்காது, கரை பிய்ந்து விழுவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

"மழை பெய்தால் க்ரீக் சிவப்பாக ஓடுகிறது"

ஜார்ஜியாவின் செம்மண் களிமண். ஒருமுறை தண்ணீரில் கலந்துவிட்டால் எளிதில் அடங்காது, மிக நுண்ணிய துகள், நாள்கணக்கில் மிதக்கும். அதனால் மேலே தடுப்பதுதான் வேலை, கீழே வந்தபிறகு பிடிப்பது நடக்காது.

உங்கள் வீட்டு வேலை என்றால் இந்த வரிசையில் நடந்து பாருங்கள். முதலில் சில்ட் ஃபென்ஸ், அந்தக் கறுப்புத் துணி வேலி. துணியின் அடிப்பகுதி ஆறு அங்குலமாவது பள்ளம் தோண்டிப் புதைத்து மண் தள்ளி இறுக்கப்பட்டிருக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள். பத்தில் ஒன்பது வேலி இங்கேதான் தோற்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆசைதான், கணக்கு எடுத்ததில்லை. ஆனால் அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த வேலி வெறும் அலங்காரம். அடுத்து, வேலி சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் ஓடுகிறதா, அல்லது மேலிருந்து கீழாக இறங்குகிறதா. கீழிறங்கினால் அது தண்ணீரைத் தடுக்காது, வாய்க்கால் போட்டு ஓடையில் கொண்டுபோய் விடும். மூன்றாவது, பள்ளத்தில் தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் இடத்தில் குறுக்கே கட்டியிருக்கிறார்களா. கட்டியிருந்தால் அடுத்த மழைக்கு விழும், அங்கே கல் தடுப்பு வேண்டும். நான்காவது, வேலியின் பாதி உயரம் வரை மண் சேர்ந்துவிட்டதா. சேர்ந்தால் அள்ளவேண்டும். அள்ளிய மண்ணைக் க்ரீக் பக்கம் கொட்டுகிற ஆட்களையும் பார்த்தாயிற்று, அது எங்கே போகிறது என்று நின்று பாருங்கள்.

அப்புறம் லாரி வரும் வழியில் பெரிய ஜல்லிப் படுகை இருக்கிறதா, வேலை நடக்காத மண் திறந்தே கிடக்கிறதா. 14 நாள் சும்மா கிடக்கும் மண்ணை வைக்கோலாலோ தற்காலிகப் புல்லாலோ மூடவேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் இருக்கும் தடுப்புகளிலேயே மலிவானதும் அதிகம் பலன் தருவதும் அந்த வைக்கோல்தான், ஆனால் அதற்குத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது.

"என் லாட் கால் ஏக்கர்தான், ஒரு ஏக்கருக்கு மேல்தானே பர்மிட்" என்ற கேள்வி எப்போதும் வரும். ஒரு ஏக்கர் வரம்பு உண்மைதான். ஆனால் உங்கள் லாட் பெரிய சப்டிவிஷன் திட்டத்தின் பகுதி என்றால் மொத்தத் திட்டத்தின் அளவுதான் கணக்கு, கால் ஏக்கரும் உள்ளே வந்துவிடும். அப்படி பர்மிட்டுக்குள் வரும் இடத்தில் அரை அங்குல மழை பெய்தால் அது நின்ற 24 மணி நேரத்துக்குள் பார்வையிட்டு எழுதி வைக்கவேண்டும். வேலியோரம் ஒரு மழைமானி நிற்கவில்லை என்றால், அந்தப் பார்வைக் குறிப்பை எதை வைத்து எழுதினார்கள் என்று பில்டரிடம் கேட்கலாம். அபராதம் மாநிலச் சட்டப்படி நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை போகலாம், ஸ்டாப் வொர்க் ஆர்டர் ஒட்டிவிட்டால் டெக் போட வந்தவரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மண் உங்களுடையது இல்லை, மேலே எங்கோ புதிய சப்டிவிஷன் வருகிறது என்றால், மழை பெய்துகொண்டிருக்கும்போதே வீடியோ எடுங்கள். க்ரீக்கை மட்டும் எடுத்தால் போதாது, சைட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் வாயோ வேலி உடைந்த இடமோ தெரியவேண்டும், பொதுச் சாலையில் நின்றே எடுக்கலாம். கவுண்டியின் மண்ணரிப்பு இன்ஸ்பெக்டருக்குத் தேதி, நேரம், இடம் மூன்றோடு அனுப்புங்கள். மறுநாள் தெளிந்த பிறகு எடுத்த போட்டோவுக்கு மதிப்பு குறைவு.

"பக்கத்து வீட்டுத் தண்ணீர் எல்லாம் என் பேஸ்மென்ட்டுக்கு வருகிறது"

சட்டம் சுருக்கமாக: மேட்டில் இருக்கும் மேல்வீட்டிலிருந்து இயல்பாக இறங்கும் தண்ணீரைத் தாழ்வில் இருக்கும் கீழ்வீடு ஏற்கத்தான் வேண்டும். ஆனால் மேல்வீட்டுக்காரர் அதைச் செயற்கையாக ஒன்றுசேர்த்தோ அதிகமாக்கியோ உங்கள்மேல் விட முடியாது. டவுன்ஸ்பவுட்டை (கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்) இன்னொரு குழாயில் கொண்டுவந்து எல்லைக்கோட்டில் நிறுத்தியிருந்தால் அது இரண்டாவது வகை. இது பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சிவில் விவகாரம், பொதுச் சாலையோ பதிவான டிரெய்னேஜ் ஈஸ்மென்ட்டோ (தண்ணீர் போக ஒதுக்கிய பாதை) சம்பந்தப்படாவிட்டால் கவுண்டி தலையிடாது.

வக்கீலுக்கு முன் மண்வெட்டி. இரண்டு வீடுகளுக்கு நடுவே லேசாகக் குழிந்த ஒரு புல்வாய்க்கால் இருக்கும், ஸ்வேல் என்பார்கள். பார்த்தால் வாய்க்கால் மாதிரியே தெரியாது, அதனால்தான் அது கெட்டுப்போகிறது. ஒருவர் அதில் பூப்பாத்தி போடுவார், இன்னொருவர் வேலி கட்டுவார். வேலிப்பலகை மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும், இரண்டு மழையில் பைன் ஸ்ட்ரா (பைன் மரத்து ஊசியிலைச் சருகு) மிதந்து வந்து அதன் அடியில் படிந்து பாய் பின்னியது போல் இறுகிவிடும், மூன்றாவது மழைக்கு முழங்கால் அளவு அணை தயார். அந்தப் பைன் ஸ்ட்ராவை வாரி எடுத்து, பலகையின் அடியை நான்கு அங்குலம் வெட்டினாலே பல வீட்டுச் சண்டை ஓய்ந்துவிடும். அதோடு உங்கள் கூரையோரக் கட்டரையும் பாருங்கள். பேஸ்மென்ட் ஈரத்துக்குப் பக்கத்து வீட்டைத் திட்டிக்கொண்டிருப்போம், நம் டவுன்ஸ்பவுட்டே சுவரோரம் கொட்டிக்கொண்டிருக்கும்.

புது வீடு என்றால், அங்கீகரிக்கப்பட்ட கிரேடிங் ப்ளானை (மண் சரிவைக் காட்டும் வரைபடம்) கவுண்டியில் கேட்டு வாங்கி, அதில் காட்டிய அம்புக்குறிகளும் உங்கள் முற்றத்தில் தண்ணீர் ஓடும் திசையும் ஒன்றா என்று பாருங்கள். மாறியிருந்தால் வாரன்ட்டி முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள்.

"ரெயின் கார்டன் குளமாக நிற்கிறது"

அட்லாண்டா நகரம் 2013இலிருந்து புது வீடுகளுக்கும் பெரிய விரிவாக்கங்களுக்கும் முதல் ஒரு அங்குல மழையை மனையிலேயே தாங்கவேண்டும் என்கிறது, வேறு சில ஊர்களிலும் இப்படி உண்டு. ஒரு அங்குலம் என்றால் சின்னதாகத் தெரியும். 1,000 சதுர அடிக் கூரைக்கு அது சுமார் 623 கேலன். 2,000 சதுர அடிக்கு 55 கேலன் பீப்பாய்கள் இருபத்திரண்டு நிரம்பும். அதனால்தான் ஒற்றைப் பீப்பாயைக் காட்டி ரிவ்யூவை முடிக்க முடிவதில்லை, ரெயின் கார்டனோ (மழைத் தண்ணீரை மண்ணில் இறக்கும் பள்ளமான செடிப்பாத்தி) ட்ரை வெல்லோ (தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) தேவைப்படுகிறது.

மழை நின்று மூன்று நாளுக்குள் தண்ணீர் முழுதாக இறங்கிவிட வேண்டும், அதற்கு மேல் நின்றால் கொசு வரும், செடி அழுகும். இறங்கவில்லை என்றால் மேற்பரப்பைக் கிளறிப் பாருங்கள். மேலே அரை அங்குலம் வழவழப்பான சிவப்புப் படலம் இருந்தால் கோளாறு மேலே: கட்டுமானம் முடிவதற்குள் அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், சேறு வந்து அடைத்துவிட்டது. அந்தப் படலத்தை வழித்தெடுத்து மேல்மண்ணை மாற்றினால் சரியாகும். படலம் இல்லை என்றால் கீழே: ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி ஒருமுறை இறங்க விட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு அரை அங்குலத்துக்கும் குறைவு என்றால் அடியில் ஓட்டைக்குழாய் போட்டு வெளியே எடுத்தாகவேண்டும். களிமண்ணில், அதுவும் கனரக வண்டி ஏறி இறங்கிய களிமண்ணில், இது சாதாரணம். மணலைக் கொட்டிக் கலந்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், களிமண்ணும் கொஞ்சம் மணலும் சேர்ந்தால் செங்கல்தான்.

குழாய் போடும் முன் ப்ளானை மாற்றுவதாகக் கவுண்டிக்குச் சொல்லிவிடுங்கள். அந்தக் குழாயின் வாய் 50 அடி பஃபருக்குள் போய் விழுந்தால் மறுபடி முதல் அறிகுறிக்கே வந்துவிடுவீர்கள்.

"டிடென்ஷன் பாண்டைச் சரிசெய்யச் சொல்லி எச்.ஓ.ஏ.வுக்குக் கடிதம்"

எச்.ஓ.ஏ. (வீட்டுக்காரர்கள் சங்கம்) போர்டில் இருக்கும் நண்பர்களுக்கு. டிடென்ஷன் பாண்ட் என்பது மழைத் தண்ணீரைத் தேக்கி மெதுவாக விடும் குளம். குளம் யாருடையது என்பதைப் ப்ளாட்டிலும் பதிவான பராமரிப்பு ஒப்பந்தத்திலும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் எச்.ஓ.ஏ.தான், சில இடங்களில் குளம் தனியார் லாட்டுக்குள் விழுந்து அந்த வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்.

மழை நின்று பல நாள் ஆகியும், வறண்டு கிடக்கவேண்டிய குளத்தில் தண்ணீர் நின்றால், வெளியேறும் கான்கிரீட் பெட்டியின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை அடைத்திருக்கிறது. சில அங்குல அகலம்தான் இருக்கும், ஒரு பாட்டிலும் கொஞ்சம் சருகும் போதும். அடைப்பை எடுங்கள், முன்னால் இருக்கும் கம்பிவலையைச் சுத்தம் செய்யுங்கள். ஓட்டையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். அந்தச் சின்ன ஓட்டைதான் வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையை 24 மணி நேரத்துக்கு நிறுத்தி மெதுவாக விட்டுக் கீழே க்ரீக் கரையைக் காப்பாற்றுகிறது. பெரிதாக்கினால் குளம் சீக்கிரம் காயும், கீழ்வீட்டுக்காரரின் கரை பிய்யும்.

கரையின்மேல் மரம் முளைத்திருந்தால் கன்றாக இருக்கும்போதே வெட்டுங்கள். பெரிதான பிறகு வெட்டினால் வேர் மட்கிக் கரைக்குள் குழாய் மாதிரி வழி உண்டாகும், அதற்கு எஞ்சினியர் வேண்டும். குளத்தடியில் மண் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருந்தால் அள்ளுவதுதான் பெரிய செலவு. அதற்கு முதலிலிருந்தே ரிசர்வ் நிதியில் தனியாகப் பணம் ஒதுக்கி வைக்காத எச்.ஓ.ஏ.க்கள், கடிதம் வந்தபிறகு எல்லார் தலையிலும் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (தனிக் கட்டணம்) போடுவார்கள்.

"கரை அரித்து என் முற்றம் குறைகிறது"

உடைந்த கான்கிரீட்டைக் கொட்டாதீர்கள், வேலை முடிந்து மிஞ்சிய கல்லையும் கொட்டாதீர்கள். 25 அடிக்குள் எந்த மண்வேலைக்கும் இ.பி.டி.யைக் கேட்கவேண்டும், தண்ணீருக்குள் கல் இறங்கினால் ராணுவ எஞ்சினியர் படையின் அனுமதியும் சேரும். தவிர, ஒரு இடத்தில் கல் கட்டினால் வேகம் அடுத்த வளைவுக்குப் போகும், அங்கே இன்னொருவர் முற்றம். அரிப்பு மெல்லியதாக இருந்தால், குளிர்காலத்தில் வில்லோ, சில்க்கி டாக்வுட் கொம்புகளை வெட்டிக் கரையில் அடித்து நட்டால் வேர் பிடித்துத் தாங்கும், கையால் செய்யும் இந்த அளவு வேலைக்கு எதிர்ப்பு வராது, ஆனாலும் ஒரு போன் செய்துவிடுங்கள். வீட்டுக்கு அருகே கரை செங்குத்தாக உடைந்து விழுகிறது என்றால் எஞ்சினியரைத் தவிர வேறு வழியில்லை.

"பூல் தண்ணீரை ரோட்டோரச் சாக்கடையில் விட்டதற்கு நோட்டீஸ்"

அந்தக் கட்டம் போட்ட வாய் கழிவுநீர் ஆலைக்குப் போகவில்லை, நேரே க்ரீக்குக்குப் போகிறது. குளோரின் அடங்கும் வரை சில நாள் மருந்து போடாமல் விட்டு, சோதித்துப் பார்த்து, புல்வெளியில் மெதுவாக விடுங்கள். இலையை ஊதி உள்ளே தள்ளும் லான் சர்வீஸ்காரர் செய்வதும் இதே தப்புதான், நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு.

"தண்ணீர் பில்லில் ஸ்டார்ம்வாட்டர் (மழைத் தண்ணீர்) கட்டணம் ஏன்?"

வரி என்று சொல்லி இதை எதிர்த்த கொலம்பியா கவுண்டி வழக்கில், இது வரி இல்லை, கட்டணம்தான் என்று 2004இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே அந்த வாதம் முடிந்துபோனது. உங்கள் கூரை, டிரைவ்வே, பேட்டியோ பரப்பை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள், அதுவும் வானிலிருந்து எடுத்த படத்தை வைத்து. ஜல்லிப் பாதையையோ டிராம்போலினையோ கான்கிரீட் என்று எண்ணியிருக்க வாய்ப்புண்டு. உங்கள் கணக்கின் அளவுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தப்பாக இருந்தால் திருத்துவார்கள். ரெயின் கார்டன் ஒழுங்காக வேலை செய்தால் சில ஊர்களில் தள்ளுபடியும் உண்டு, அதற்கு வருடா வருடம் பராமரிப்புப் படிவம் அனுப்பவேண்டியிருக்கும்.